குடவோலையும் குடிமக்கள் கடமையும்

குடியாட்சியைப் பற்றிப் பேசப்புகுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்ளுதல் வழக்கமாயிற்று. காஞ்சிக்குத் தெற்கே, நம் மாவட்டத்திலேயே அவ்வூர் இருத்தலால் நமக்கு அப்பெருமை ஒருபடி மிகுதி. ஆயின், அக்கல்வெட்டு நமக்குப் புகழ் மாத்திரம் தருகின்றதோ, கடமையும் ஒன்று விதிக்கின்றதோ என்று ஆராய்தல் தகும்.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919-லும் 921-லும் அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன இங்ஙனம் அமைந்தன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவற்றுள் சிறப்பாக நோக்கற்பாலது ஒன்றுண்டு. முதல் ஏற்பாடு இரண்டே ஆண்டில் திருத்தப்பட்டது. அரசன் ஆணைப்படி அதிகாரியொருவர் உடனிருந்தாராயினும், கூடியிருந்து முடிவு செய்தோர் ஊர்ச்சபையாரே. விதியின் குறையை அதற்குட்பட்டு வாழ்வோரே அறிவர். அறிந்தவர் வாய்திறந்தாலன்றித் திருத்தம் பிறவாது.

அச்சபையில் நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கன்றி இடமில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. நெய்வார்க்கும் கூலிக்கு உழுவார்க்கும் பெண்டிர்க்கும் அங்கே குரலில்லை. இக்காலத்திலோ, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஐந்தாண்டு முடியுமுன் ஊராட்சித் தேர்தல் நடத்தல் வேண்டும் எனக் கட்டளையிடுகின்றது.

அங்ஙனமிருந்தும் நிகழ்ந்தது யாது? 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். வழக்குகளும் மாவட்டப் பிரிவினையும் காரணமாகச் சொல்லப்பட்டன. குடவோலை கண்ட மண்ணிலே ஐந்தாண்டுக் காலம் தனி அலுவலர் ஆட்சியே நிலவிற்று. இதனை ஓர் இழிவெனக் கருதாதிருந்தவர் கற்றவருள்ளும் பலர். சட்டத்தின் குறையினும் இவ்வலட்சியமே பெருங்குறை என்பது நம் கருத்து.

நம் நகர்ப் பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் கோர்வையால் இணைப்பதற்குத் தறியின் இருபுறமும் கை வேண்டும். ஒருவர் கையோய்ந்தால் கரை சேராது. சட்டமும் குடிமக்களும் அத்தகையர்.

ஆகவே மாணவர்களே, பழைய மாணவர்களே, சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் நும் ஊர்க் கிராம சபைக்குச் செல்லுமின். வரவு செலவைப் படித்துக்காட்டுமாறு கேண்மின். எழுத்தறியாதார்க்கு அதனை விளக்குமின். நிறைவேற்றிய தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குள் என்னாயிற்று என்று வினவுமின். 2021-இல் மாநகராட்சியான காஞ்சியில் வாழ்வோர்க்கும், 2022-இல் இயற்றப்பட்ட விதிகளின்படி பகுதி சபை உண்டு. கணக்குக் காட்டாதவனை விலக்கிய முன்னோரைப் புகழ்வோர், கணக்குக் கேட்கவேனும் எழுந்து நிற்றல் வேண்டுமன்றோ?