மிச்சத்தையும் கட்டிக் கொடு

மார்கழித் திருவாதிரையில் நடராஜருக்கு ஏன் களி படைக்கிறார்கள் என்று சிதம்பரத்தில் யாரைக் கேட்டாலும் சேந்தனார் கதையைச் சொல்வார்கள். விறகு விற்றுப் பிழைத்தவர் அவர். தினம் ஒரு சிவனடியாருக்குச் சோறு போட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். ஒருநாள் அடைமழை. விறகு நனைந்துபோனது, வாங்க ஆளில்லை, அரிசிக்குக் காசில்லை. வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிளறி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் காத்திருந்தார். வந்த அடியார் சாப்பிட்டார். மிச்சத்தையும் அடுத்த வேளைக்குக் கட்டித் தரச் சொல்லி வாங்கிப் போனார். மறுநாள் கோயிலைத் திறந்தால் சன்னதியெங்கும் களி சிதறிக் கிடந்ததாம். அடியாராக வந்தவர் நடராஜரேதான்.

சம்பா சாதத்துக்கும் கத்திரிக்காய் கொத்சுக்கும் பேர்போன ஊர் சிதம்பரம். அந்த ஊரில் ஆண்டுக்கு ஒருநாள் ஓர் ஏழை அவசரத்துக்குக் கிளறியதுதான் நைவேத்தியம். அதைவிட, மிச்சத்தைக் கேட்டு வாங்கிய இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. ‘ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்பவரைச் சமைத்தவர் சந்தேகிக்கவே முடியாது.

அப்படி ஒருவர் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30, அதுவும் மார்கழிதான். தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்காயிற்று. பெரியவர்களெல்லாம் விழுந்த மரங்களை வெட்டி அகற்றப் போய்விட, நான் போயிருந்த ஒரு வீட்டில் ஏழாவது படிக்கும் பெண்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். ஈர முந்திரி விறகை ஊதி ஊதி அவள் கண் சிவந்திருந்தது. மிக்சி ஓடவில்லை. அம்மியில் அவள் அரைத்த மிளகாய் பாதி அரைபடாமல் குழம்பில் மிதந்தது. சோறு அடிப்பிடித்துப் புகைவாடை அடித்தது.

அப்பாவும் அம்மாவும் தோப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் கரண்டியும் கையுமாக நின்று அவர்கள் வாயையே பார்த்தாள். அப்பா பேசாமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும், “குழம்பு இன்னும் இருக்காம்மா?” என்றார். அவள் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய திருநாரையூரில், அப்பா வெளியூர் போன நாளில் பொல்லாப் பிள்ளையாருக்குப் படையல் கொண்டுபோன சிறுவன் நம்பியும் அப்படித்தான் நின்றான். பிள்ளையார் உண்மையிலேயே சாப்பிடுவார் என்று நம்பினான். சாப்பிடவில்லை என்றதும் அழுது, தலையை மோதிக்கொள்ளப் போனான். அதன்பின் பிள்ளையார் சாப்பிட்டார் என்பது மரபு. பிறகு ராஜராஜ சோழன் காலத்தில் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி அந்தப் பையன்தான்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வீடுகளில் இப்படி நிற்கும் பிள்ளைகளுக்கு மீசை முளைத்திருக்கும். ஊரில் இருந்தவரை டீ கூடப் போட்டறியாதவர்கள், வளைகுடாவில் நாலைந்து பேரோடு ஒரே அறையில் தங்கி, முறைவைத்துச் சமைத்துப் பழகுகிறார்கள். லீவில் வந்ததும் உம்மாவை உட்காரவைத்துவிட்டுக் கோழிக் குழம்பு வைக்கிறார்கள். பாக்கெட் மசாலா தூக்கலாக இருக்கும், எண்ணெய் மிதக்கும். அந்த உம்மாக்கள் அள்ளிச் சாப்பிடுகிறார்கள். மகன் அங்கே என்ன தின்று உயிர்வாழ்கிறான் என்ற பல வருடக் கவலைக்கு அந்தத் தட்டில்தானே விடை இருக்கிறது!

இதையெல்லாம் கெடுப்பது ஒன்றுதான். ருசி பார்த்த அம்மா, “தள்ளு, நான் பாத்துக்கறேன்” என்று எழுந்துபோய்ப் புளியைக் கரைத்து ஊற்றி, இன்னொரு முறை தாளித்துக்கொட்டி அதைத் தன் குழம்பாக்கிவிடுவது. அம்மாவுக்கு அது உதவி. பிள்ளைக்கு, தான் வைத்த குழம்பு போய்விட்டது.

அப்பாக்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மகள் வைத்த சாம்பாரில் உப்புக் கரித்தால் மோரை ஊற்றிப் பிசைந்து பேசாமல் சாப்பிடுகிறீர்கள். அதே உப்பு மனைவியின் சாம்பாரில் இருந்தால் தட்டை ஏன் தள்ளுகிறீர்கள்? பொறுத்துக்கொள்ள முடியாத நாக்கு என்று இனி யாரும் சொல்ல முடியாது. முடியும் என்று மகள் சமைத்த அன்றே தெரிந்துவிட்டது. அந்த மனைவி முப்பது வருடமாக மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கிறாள். ஒருநாள் உப்பு கூடிப்போகும்.

உப்பைப் பற்றிச் சொல்லவே கூடாது என்றில்லை. சாப்பிடும்போது வேண்டாம். அடுத்த ஞாயிறு பிள்ளை தானாக அடுப்படிக்கு வரும், பருப்பைக் குக்கரில் போடும். அப்போது பக்கத்தில் நின்று, “கல்லுப்பை இவ்வளவு அள்ளாதே, முதல்ல பாதி போட்டுப் பார்” என்றால் கேட்டுக்கொள்ளும். பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.