ஆள் குறைந்தால் நாடு பணக்கார நாடாகுமா?

கேள்வி: "பிள்ளைகள் குறைவாகப் பிறந்தால் நாடு முன்னேறும் என்கிறார்கள். இங்கே களை எடுக்கவே ஆள் கிடைக்கவில்லை. எது சரி?"
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: இரண்டும் சரிதான். இரண்டு நாடுகளின் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

1960-ல் தென் கொரியாவிலும், ஆப்பிரிக்காவின் நைஜரிலும் ஒருவருக்கு ஆண்டு வருமானம் சராசரியாக 200 டாலருக்கும் கீழேதான். இரண்டிலும் ஒரு தாய்க்கு ஆறு, ஏழு பிள்ளைகள். இன்று கொரியாவில் 30,000 டாலருக்கு மேல்; நைஜரில் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

கொரியாவில் 1950-ல் நிலச் சீர்திருத்தம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு சுமார் 3 ஹெக்டேர். குத்தகைக்காரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். 1962-ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இருபது ஆண்டுகளில் ஆறு பிள்ளை இரண்டானது. உட்கார்ந்து சாப்பிடுபவர் குறைந்து, உழைப்பவர் கூடிய காலம் அது. மிஞ்சிய பணம் படிப்புக்கும் தொழிலுக்கும் போனது.

நைஜரிலோ மக்கள்தொகை ஏழு மடங்கு பெருகிவிட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். கம்பும் சோளமும் விளையும் மானாவாரி நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிறது. ஆறு ஏக்கரை ஆறு பேர் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஏக்கர்தானே! பிள்ளைகள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடிக்கடி வறட்சி, துறைமுகம் கிடையாது, பள்ளிக்கூடங்களும் போதாது.

கொரியாவின் கதை அத்துடன் முடியவில்லை. 2023-ல் அங்கே ஒரு தாய்க்குச் சராசரி 0.72 பிள்ளைதான். கிராமங்களில் முதியவர்களே மிச்சம். வயல் வேலைக்கு வியட்நாம், கம்போடியா, நேபாளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், நாடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது.

தமிழ்நாடும் அதே வழியில்தான் போகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு தாய்க்கு 1.8 பிள்ளை, பீகாரில் 3. அங்கிருந்து ஆட்கள் இங்கு வேலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உழைக்கும் வயதினர் மிகுந்த காலம் ஆடிப் பட்டம் மாதிரி, தவறவிட்டால் திரும்பாது. அந்தக் காலம் முடிவதற்குள் செய்ய வேண்டியவை இரண்டு. ஆணோ பெண்ணோ, இருக்கும் பிள்ளையை நன்றாகப் படிக்க வையுங்கள். களையெடுப்புக்கும் அறுவடைக்கும் வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை நாலைந்து பேர் சேர்ந்து எடுத்துப் பழகுங்கள். ஆள் இன்னும் குறையும்போது கை கொடுக்கப்போவது இவைதான்.