எந்த நாட்டுப் பிரஜைகள் இவர்கள்?

மனித உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 1948 டிசம்பரில் வெளியாயிற்று. ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 15வது ஷரத்து. அதற்கு ஒரு மாதம்கூட முந்தியிராத நவம்பர் 15ந் தேதிதான் அண்டை நாடான இலங்கையில் புதிய பிரஜா உரிமைச் சட்டம் அமலுக்கு வந்து, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வந்த சுமார் 7 லட்சம் தமிழர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிற்று. அந்தத் தீவில் நடந்த அநியாயத்தின் மிச்சம் இன்று நம் நாட்டு முகாம்களில் கிடக்கிறது. அதற்குப் பரிகாரம் காண வேண்டிய பொறுப்பும் இப்போது புது தில்லியின் கையில் இருக்கிறது.

அந்தச் சட்டம் கேட்ட கேள்வி பார்வைக்கு எளியது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவனா? இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அவனைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்தவர்களா? ஆதாரத்தைக் காட்டு. கங்காணியின் பின்னால் கால்நடையாக மலையேறிப் போனவர்களின் பிள்ளைகளுக்கு, லயத்து அறையில் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தவர் யார்? காலையில் பெரட்டுக்கு ஆள் வந்ததா என்பதற்குத் தோட்டத்தில் கணக்கு இருந்தது. ஆள் எங்கே, எப்போது பிறந்தது என்பதற்குப் பெரும்பாலும் கணக்கு இல்லை. முறையாகத் திருமணமான தம்பதியின் பிள்ளை என்றால், தாய் எங்கே பிறந்தாள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தவள் தன் பிள்ளைக்குப் பிரஜா உரிமையைக் கொடுக்க முடியாது என்பது அன்றைய நியாயம்! தாய் வழியாகவும் பிரஜா உரிமை உண்டு என்று இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டது 2003ல்தான். நாமும் இதில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை தாய் இந்தியர் என்ற காரணத்தால் இந்தியப் பிரஜை ஆகலாம் என்று நமது சட்டம் ஒப்புக்கொண்டது 1992 டிசம்பரில். அதுவரை தகப்பன் மட்டுமே கணக்கு.

1964 அக்டோபர் 30ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த ஒன்றரை லட்சமும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களை இரு சர்க்கார்களும் கலந்து கேட்கவில்லை. எப்படியானாலும் இந்தியா வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கை நம்பியே கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்கு மனுவும் கையுமாக லட்சக்கணக்கானவர்கள் போனார்கள்.

பிறகு நடந்ததை ரயில்வேயில் வேலை செய்த முன்தலைமுறையினர் நன்றாக அறிவார்கள். மலைநாட்டிலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அங்கே ஒரு குடும்ப அட்டை, மறுபடியும் ரயில். தகரப் பெட்டியும் பாய்ச் சுருட்டுமாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரு பகுதியினர் கேரளத்தில் புனலூர்ப் பக்கம், சிலர் அந்தமானில் கட்சால் தீவு வரை. நமது கர்நாடகத்திலும் தென் கன்னட ஜில்லாவில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் ரப்பர் தோட்டங்களில் இன்றும் பால் வெட்டுகிற தமிழர்களில் பலர் அப்படி வந்தவர்களும் அவர்களின் வாரிசுகளுமே. பெங்களூரில் இருக்கும் வாசகர்கள் சுப்பிரமணியா யாத்திரை போகிற வழியில் அவர்களைப் பார்த்திருக்கலாம். அவர்களுடைய கஷ்டங்கள் தனிக் கதை. ஆனாலும் அவர்கள் இந்தியப் பிரஜைகள். ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது.

1984ல் போரின் காரணமாகக் கப்பல் நின்றுபோயிற்று. மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள், பாஸ்போர்ட்டே கையில் வாங்கி முறைக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் அக்கரையிலேயே நின்றார்கள். அதற்கு முன்பே 1977லும் 1983லும் நடந்த கலவரங்களில் தோட்டங்களை விட்டு விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் பலர். போர் அங்கும் வந்தபோது அவர்கள் மன்னாரிலிருந்து இரவோடு இரவாகப் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கினார்கள்.

ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் தம்பியை எண்ணிப் பாருங்கள். அண்ணன் 1975ல் கப்பலில் வந்தவன். இந்தியப் பிரஜை. தம்பியின் மனு மேஜையில் தங்கிவிட்டது. அவன் உயிர் பிழைக்கப் படகில் வந்தான். நமது சட்டத்தின் கண்ணில் அவன் 'சட்டவிரோதக் குடியேறி'. இருவருக்கும் பாட்டன் ஒருவனே. அவன் பிறந்த திருச்சி, புதுக்கோட்டைக் கிராமமும் ஒன்றே. கப்பலுக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாம் தலைமுறையையும் விடாமல் துரத்துகிறது.

எப்படித் துரத்துகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1955ம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டப்படி இந்திய மண்ணில் பிறந்தாலே இந்தியப் பிரஜை என்ற நிலை இருந்தது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் பிரஜையாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது என்று கயிறு இன்னும் இறுக்கப்பட்டது. ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986ல் பிறந்த பிள்ளை இந்தியன். 1988ல் பிறந்த பிள்ளை அன்னியன். மதுரையில் உள்ள ஐகோர்ட் கிளை 2022ல், 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி உத்தரவிட்டது. சட்டத்தில் தெளிவாக இருந்த உரிமையைப் பெறவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்றால், தெளிவில்லாதவர்களின் கதி என்ன?

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. முகாமில் உள்ள பையன் பக்கத்து ஊர்ப் பெண்ணை மணக்கிறான். பெண் பரம்பரை பரம்பரையாக இந்தியப் பிரஜை. பிரசவம் இந்திய சர்க்கார் ஆஸ்பத்திரியில். இருந்தும், கணவன் அனுமதிப் பத்திரமில்லாமல் படகில் வந்தவன் என்பதால் அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியப் பிரஜை இல்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை தருகிறோம் என்று 1992ல் பெருமையுடன் சட்டம் செய்த அதே பார்லிமெண்டு, 2003ல் செய்த திருத்தத்தால் இந்தியத் தாயின் உரிமையைப் பறித்துக்கொண்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை நாம் 1993ல் ஏற்றோம். பிள்ளைகளின் பிரஜா உரிமையில் ஆணுக்குச் சமமான உரிமையைப் பெண்ணுக்குக் கொடு என்கிறது அதன் 9வது ஷரத்து. தாய், தகப்பன் இருவரையும் சமமாக முடக்கினோம், ஆகையால் சமத்துவம் காத்தோம் என்று வேண்டுமானால் வாதாடலாம்!

உலகத்திலும் இது தீர்ந்துபோன விஷயமல்ல. பிள்ளைக்குப் பிரஜா உரிமை தருவதில் தாயைத் தகப்பனுக்குச் சமமாக வைக்காத நாடுகள் இன்னும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. நாடற்றவர்கள் என்று கணக்கில் ஏறியவர்கள் மட்டும் சுமார் 44 லட்சம் என்கிறது ஐ.நா. அகதிகள் அலுவலகம். நமது தமிழர்கள் நிறைந்த மலேசியாவில், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் கோர்ட்டு ஏறி இறங்கிப் போராடிய பிறகு, 2024ல் அரசியல் சட்டத்தையே திருத்தி அவர்களுக்குச் சம உரிமை வழங்க முன்வந்தார்கள். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே கிடைத்து வந்த உரிமை எடுக்கப்பட்டது. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் ஏழைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இடி.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில், அங்கத்தினர் நாடு ஒவ்வொன்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்காரவைத்து விசாரிக்கிறது. இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தது. மற்ற நாடுகள் யோசனை சொல்லும். நாடற்றோர் பற்றிய 1954, 1961ம் ஆண்டு உடன்படிக்கைகளில் சேருங்கள், பிறக்கும் எந்தக் குழந்தையும் நாடில்லாமல் போகாதபடி சட்டம் செய்யுங்கள் என்பவை அந்த அரங்கில் அடிக்கடி கேட்கும் யோசனைகள். ஏற்கப் பிரியமில்லாத யோசனையை 'நிராகரித்தோம்' என்று அங்கே சொல்வதில்லை, 'குறித்துக்கொண்டோம்' என்பார்கள். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை விளக்கத் தேவையில்லை. பைலில் குறிப்பு ஏறிவிட்டது, பைல் அலமாரியில் ஏறிவிட்டது.

அந்த இரு உடன்படிக்கைகளிலும் இந்தியா சேரவில்லை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. 1992ல் நாம் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7வது ஷரத்து, குழந்தைக்குப் பெயரும் பிறப்புப் பதிவும் போலவே பிரஜா உரிமையும் வேண்டும் என்கிறது. அதிலும், வேறெந்த நாடும் கிடைக்காத குழந்தையைக் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது.

இலங்கை இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2003ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு எதிர்ப்பின்றி ஒரு சட்டம் செய்தது. 1964 அக்டோபர் முதல் நிரந்தரமாக வசிப்பவர்களும் அவர்களின் வாரிசுகளும் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். பத்தே நாட்களில் 1,90,000 பேர் பிரஜைகள் ஆனார்கள். போரால் இந்தியாவுக்கு ஓடியவர்களுக்கும் 2009ல் வழி திறக்கப்பட்டது. அப்படியானால் இவர்கள் திரும்பிப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். போக விரும்புகிறவர் போகட்டும், தடுக்கலாகாது. ஆனால் எங்கே போய் இறங்குவது? லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டவனுக்கு அது கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்காவது ஒரு காணி, ஒரு கிணறு என்று ஏதாவது இருக்கலாம். மலைநாட்டாருக்கு அதுவும் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, என்ஜினீயரிங் பட்டம் வாங்கியும் பெயிண்டடிக்கப் போகும் பிள்ளைக்கு இலங்கை அப்பா சொன்ன கதையில் வரும் ஊர்.

2019 ஜூனில் மதுரை ஐகோர்ட் கிளை, மலைநாட்டு வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில் நல்ல வழி காட்டிற்று. இத்தனை ஆண்டுகள் ஒரு மக்களை நாடற்ற நிலையில் கண்காணிப்பில் வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21வது ஷரத்துக்கு விரோதம் என்று கண்டது. கலெக்டர்கள் மனுக்களை அனுப்ப வேண்டும், மத்திய சர்க்கார் 16 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் பார்லிமெண்டு பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களில் சில மதத்தினருக்கு விலக்கு அளித்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை அன்னியர் சட்டத் தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, பிரஜை என்பது வேறு. தமிழ்நாடு சர்க்கார் 2021ல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிற்று. புதிய வீடுகளும் கட்டிக் கொடுக்கிறது. பிரஜா உரிமை தரும் அதிகாரம் அதன் கையில் இல்லை.

பாதுகாப்பு என்ற ஆட்சேபத்தையும் பார்ப்போம். யார் எவர் என்று தெரியாதவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுப்பதா என்கிறார்கள். வந்த நாள், வந்த படகுத்துறை, மணந்த நாள், பெற்ற பிள்ளைகள் என்று கியூ பிரிவுப் போலீசும் வருவாய்த் துறையும் நாற்பது ஆண்டுகளாகப் பதிவேடு வைத்திருக்கின்றன. உதவித் தொகை வாங்க ஆள் நேரில் நிற்க வேண்டும். வெளியூர் போய்த் தங்கச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். நம்மில் எத்தனை பேரைப் பற்றி சர்க்காரிடம் இவ்வளவு விவரம் இருக்கும்?

ஆகவே மத்திய சர்க்கார் செய்ய வேண்டியது கருணையல்ல, 1964 ஒப்பந்தத்தின் பாக்கி. மலைநாட்டு வம்சாவளியினரைப் படகில் வந்தவர்கள் என்று பார்க்காமல், வர வேண்டியவர்கள் தாமதமாக வந்தார்கள் என்று பார்த்து, 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையிலிருந்து சட்டத் திருத்தத்தின் மூலம் விலக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இந்தியராக உள்ள குழந்தைக்கு 2004 திருத்தம் போட்ட முட்டுக்கட்டையை நீக்க வேண்டும். முகாம்களில் பிறந்து வேறு நாடு இல்லாத பிள்ளைகளைப் பதிவு மூலம் பிரஜைகளாக ஏற்க வேண்டும். இதற்கெல்லாம் ஜெனீவாவில் கையெழுத்திடும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை; நம் பார்லிமெண்டு ஒருநாள் உட்கார்ந்தால் போதும். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுவை எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி இதைக் கிளப்ப வேண்டும். அதற்கு முன்னதாக, 2019 தீர்ப்புக்குப் பிறகு கலெக்டர்கள் மூலம் வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குப் பதில் போயிற்று, என்ன பதில் போயிற்று என்ற கணக்கை உள்துறை அமைச்சகம் சபையின் முன் வைக்கட்டும்.