நடுகல் எங்கும் ஓடிவிடாது

நடுகற்களைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்து இதழ்களில் இடுவது நல்ல வழக்கம். ஆனால் அண்மைக்காலமாக அதில் ஒரு மோகம் புகுந்திருக்கிறது. 400 வேக ஃபிலிம், கனத்த கருப்பு, கொப்பளிக்கும் துகள்கள், ஸ்கேன் செய்தபின் மென்பொருளால் ஏற்றிய கூர்மை. இதற்குக் 'கலைத்தன்மை' என்று பெயர் சூட்டுகிறார்கள். நாம் இதை மறுக்கிறோம்.

தகடூர் என்று பழம்பெயர் கொண்ட தருமபுரி, நடுகற்கள் செறிந்த நிலம். ஆநிரை மீட்கப் போரிட்டு மடிந்தவனின் உருவும், அவன் பெயரையும் ஊரையும் சொல்லும் வட்டெழுத்து வரிகளும் ஒரே கல்லில் நிற்கின்றன. அண்டைப் பகுதியின் 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தபோது, தமிழ் எழுத்தின் வரலாற்றுக்கே இக்கற்கள் சான்று என்பது தெளிவாயிற்று. அத்தகைய சான்றின்மீது மேலும் ஒரு புள்ளியைச் சேர்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

சிக்கல் இங்கேதான். கருங்கல்லுக்கே மணிமணியான பரப்பு உண்டு. ஆழமில்லாத, தேய்ந்த எழுத்து அதனுள் பாதி ஒளிந்திருக்கும். அதன்மேல் ஃபிலிமின் துகள் ஏறுகிறது; ஸ்கேனர் அத்துகளை இன்னும் பருமனாக்குகிறது; கூர்மையேற்றம் அதற்கு விளிம்பு கட்டுகிறது. முடிவில் கீறல் எழுத்தாகிறது, எழுத்து கீறலாகிறது.

வேக ஃபிலிம் ஓடுகிறவர்களுக்கானது. நடுகல் எங்கும் ஓடிவிடாது. முக்காலியை நிறுத்தி, காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்வரை காத்திருந்து, எஃப்பி4 பிளஸ், டெல்டா 100, டி-மேக்ஸ் 100 போன்ற மெதுவான ஃபிலிமில் எடுப்பதற்கு என்ன தடை? இயலுமானால் 120 சுருள். 6x6 சட்டகத்தின் பரப்பு 35 மி.மீ. சட்டகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். கழுவும்போது நேரத்தைச் சற்றுக் குறைத்து மென்மையான நெகட்டிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அடர்ந்த வெள்ளிப் பகுதிக்குள் ஸ்கேனரின் ஒளி எளிதில் ஊடுருவாது. குறைந்த மாறுபாட்டைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். அடைபட்டுப்போன வெளிச்சப் பகுதியை எவராலும் மீட்க முடியாது.

'எக்ஸ்பி2 இருக்கிறதே, வண்ண ஃபிலிம்போலவே கழுவலாம், அகச்சிவப்பு முறையில் தூசியும் தானே நீங்கும்' என்பர் சிலர். உண்மைதான், ஸ்கேனருக்கு அது இணக்கமானது. ஆனால் அதன் உருவம் சாயத்தால் ஆனது. நன்கு கழுவிய வெள்ளி உருவத்தின் ஆயுளை அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. நூறாண்டு கழித்து ஒருவர் பார்க்கவேண்டிய சான்றுக்கு நாம் வெள்ளியையே பரிந்துரைப்போம். ஒரு எச்சரிக்கை: வெள்ளி ஃபிலிமுக்கு அந்தத் தூசிநீக்கியை முடுக்கிவிடக் கூடாது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால், பொறி உருவத்தையே தூசியெனக் கருதி மெழுகிவிடும். தூசியைத் தூரிகையால் துடைப்பதே வழி.

'எழுத்துக்கு மைப்படி இருக்கிறது, படம் அழகுக்குத்தானே' என்பது இன்னொரு வாதம். மைப்படி எழுத்தைத் தரும். வீரனின் உடலில் தைத்த அம்பையும், எழுத்துக்கும் உருவுக்கும் உள்ள உறவையும், கல் நிற்கும் நிலத்தையும் படமே தரவேண்டும்.

அச்சிலும் சோம்பல் ஆகாது. வண்ண மைகளைக் கலந்து உண்டாக்கும் சாம்பல், விளக்குக்கு விளக்கு பச்சையாகவும் செம்மையாகவும் சாயும். பல படிநிலைச் சாம்பல் நிறமி மைகளும், பருத்தித் தாளும் இதற்கென்றே உள்ளன.

டிஜிட்டல் கருவியால் நேரடியாக, ஒழுங்காக எடுப்பவரோடு நமக்குப் பிணக்கில்லை. ஃபிலிமைக் கையிலெடுத்துவிட்டு அதன் குறையை அணிகலனாக்குவோரோடுதான் பிணக்கு. இதழாசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: படத்தின் கீழ் ஊர், நாள், ஃபிலிம், ஸ்கேனுக்குப்பின் செய்த திருத்தங்கள் ஆகியவற்றை அச்சிடுங்கள். கல்வெட்டில் உடைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் அடைப்புக்குறிக்குள் காட்டுகிறார். படமெடுப்பவருக்கு மட்டும் அந்த நேர்மையிலிருந்து விலக்கு எதற்கு?