இரவு 2 மணிக்குத் தொலைபேசியை எடுப்பது யார்?

கடலோரத்துச் சொந்தங்களுக்கு எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

டிசம்பர் 26 வந்தால் குர்ஆன் ஓதுகிறோம், மையவாடிக்குப் போகிறோம், துஆக் கேட்கிறோம். அன்றைய தினத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: "அப்போது நமக்குச் சொல்ல ஒரு கருவி இருக்கவில்லை."

கருவி இருந்தது. பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பின் நிலையம் ஒன்று 2004க்கு முன்பே இயங்கியது. சுமாத்ராவின் அதிர்வு சில நிமிடங்களிலேயே அங்கே பதிவாகிவிட்டது. நம் நேரப்படி காலை 7 மணியாக ஒரு நிமிடம் இருக்கும்போது பூமி அதிர்ந்தது (அந்தக் காலம் நம் மணிக்கூடு இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது, நினைவிருக்கும்). கால் மணித்தியாலத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிக்கையை அனுப்பியது. அது போனது பசிபிக் நாடுகளுக்கு. அந்த நாடுகள் 1960களிலேயே ஒன்றுகூடி, யார் யாருக்குச் சொல்வது என்று எழுதி வைத்திருந்தன. இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஒரு குழு இல்லை. அன்று ஞாயிறு, அதோடு போயா. அம்பாறைக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள்.

இல்லாமல் போனது ஒரு பெயர்ப்பட்டியல். அதைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒரு குழு.

அந்தக் குழு 2005இல் வந்தது. யுனெஸ்கோவின் கீழ் உள்ள அரசுகளுக்கிடையிலான சமுத்திரவியல் ஆணைக்குழு ஜூன் மாதம் தீர்மானம் எடுத்தது. ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் முதற் கூட்டம் நடந்தது. அங்கே நடந்ததைக் கேட்டால் நம் ஊர்ச் சங்கக் கூட்டம் ஞாபகம் வரும். எச்சரிக்கை நிலையம் யாருடைய நாட்டில் இருப்பது என்பதில் பல நாடுகளுக்குப் போட்டி. நில அதிர்வுத் தரவு பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது, உடனுக்குடன் தர முடியாது என்று தயங்கிய நாடுகளும் இருந்தன. நம் ஊர் என்றால் அத்தோடு இரண்டு சங்கமாகியிருக்கும்! அவர்கள் உடையவில்லை. ஒரே நிலையம் என்ற எண்ணத்தை விட்டார்கள். இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் எல்லோருக்கும் தகவல் தரும். தன் மக்களை ஓடச் சொல்வதா இல்லையா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும் என்று இணங்கினார்கள். நமக்கு அந்தப் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்திடம் இருக்கிறது. 2011இல் இந்த மூன்று நிலையங்களும் வேலையைத் தொடங்கின. 2013 வரை ஹவாயும் ஜப்பானும் துணைக்கு நின்றன.

கொழும்பிலும் திருகோணமலையிலும் உள்ள கடல்மட்ட மானிகளின் அளவுகள் இன்று பெல்ஜியத்தில் உள்ள ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கின்றன. எங்கள் உயர்தர மாணவர்களுக்கும் காட்டலாம். அந்தக் கோடு தானாக அங்கே வந்து நிற்பதில்லை. எந்த நாடு எந்த மானியைப் பராமரிப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்புவது, பழுதானால் யார் பதில் சொல்வது என்று உப குழுக்களில் உட்கார்ந்து பேசி, குறிப்பெழுதி, அடுத்த கூட்டத்தில் "அது என்ன ஆனது?" என்று கேட்பவர்கள் இருப்பதால்தான் அது ஓடுகிறது. தலைவர், உப தலைவர்களை அங்கத்துவ நாடுகளே தெரிவு செய்கின்றன.

நமக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று சொல்கிறோம். ஒவ்வொரு நாடும் 24 மணித்தியாலமும் பதில் தரும் ஒரு தொடர்பு நிலையத்தைப் பெயர் குறித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முடிந்ததா? இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை சோதனைச் செய்தி அனுப்பி, மின்னஞ்சல் போனதா, குறுஞ்செய்தி போனதா, எத்தனை நிமிடத்தில் கிடைத்தது என்று பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். 2009இல் தொடங்கிய இந்து சமுத்திர ஒத்திகைகள் அதற்கு மேலதிகம். அலுப்பான வேலைதான். கைதட்டல் கிடைக்காது, படமெடுத்துப் போடவும் ஒன்றுமில்லை.

இனி நம் பக்கம் வருவோம். அந்த நிலையங்களிலிருந்து கொழும்பு வரை செய்தி வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து நம் கடற்கரை வீதிக்கு? 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று ஓடியது பழைய பயத்தினால். இன்று எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 2004ஐக் காணாதவர்கள். அந்தப் பயம் அவர்களிடம் இல்லை.

கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஓர் அனர்த்த முகாமைத்துவக் குழு என்கிறார்கள். உங்கள் பிரிவில் அதன் செயலாளர் யார்? கடைசியாகக் கூடிய திகதி என்ன? குறிப்புப் புத்தகம் எந்த வீட்டு அலுமாரியில்? பட்டியலில் உள்ளவர்களில் யார் வெளிநாடு போய்விட்டார், யார் இலக்கத்தை மாற்றிவிட்டார்? கோபுரத்தில் சத்தம் வராவிட்டால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு? முஅத்தின் யாரிடம் கேட்டுவிட்டுச் சொல்வார்?

"அதிகாரிகள் பார்க்கட்டும்" என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. கடைசி ஒரு கிலோமீற்றரை எந்தச் சர்வதேசக் குழுவும் நடந்து வந்து முடித்துத் தராது. ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்று இரண்டு கடலோரக் கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவிடம் "சுனாமிக்குத் தயார்" என்ற அங்கீகாரம் பெற்றன. அதற்குச் சில நிபந்தனைகள். வெளியேறும் பாதை வரைபடம், அறிவிப்புப் பலகை, ஒத்திகை, மக்களுக்கு விளக்கம் என்று எல்லாமே ஊரார் கூடிச் செய்யக்கூடியவை. அவர்களும் நம்மைப் போல மீன்பிடிப்பவர்கள்தான்.

"அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய" என்பவரிடம் நாங்கள் வாதாடப் போவதில்லை. அவர் வீட்டு முன்கதவுக்கும் இரண்டு தாழ்ப்பாள் இருக்கிறது.

கேட்பது சின்ன விடயம். அடுத்த ஜமாஅத் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். மீனவர் சங்கம், மாதர் சங்கம், பாடசாலை, கிராம உத்தியோகத்தர் எல்லோரிடமிருந்தும் ஒவ்வொருவர் வரட்டும். ஆறு பெயர், ஆறு இலக்கம், ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல், இரவு 2 மணிக்கு அழைத்துப் பார்ப்போம். யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று குறிப்பெழுதும் வேலையை ஆசிரியர்களாகிய நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். புத்தகம் வாங்கியாகிவிட்டது.