சிறு வணிகரை பில் தொகையால் அளக்காதீர்கள்: அட்டை, யுபிஐ கட்டணங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, மளிகை, வற்றல், எண்ணெய், ஜவுளி, பாத்திரம் என்று சில்லறை வணிகம் செய்யும் நாங்கள், அட்டையிலும் யுபிஐ-யிலும் வரும் பணத்துக்கு யார் கட்டணம் கட்டுவது என்ற கேள்வியில் எங்கள் நிலைப்பாட்டைப் பொதுவெளியில் வைக்கிறோம். கட்டணமே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. சிறு வணிகர் யார் என்பதை ஒரு பில்லின் தொகையைப் பார்த்தோ, ஒரு மாத வரவைப் பார்த்தோ முடிவு செய்யக் கூடாது. ஆண்டு விற்றுமுதலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவான சிறு வணிகரிடம் யுபிஐ-க்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். கடன் அட்டைக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்க வேண்டும்.

பில் தொகை ஏன் தவறான அளவுகோல் என்பது சிவகாசிக் கடை வாசலில் நின்றால் புரிந்துவிடும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனை தொடங்குகிறது. தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில்தான் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வந்து சேர்கிறது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பத்தோடு காரில் வருகிறார்கள். தங்கள் வீட்டுக்கு, தங்கை வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று சேர்த்து வாங்குகிறார்கள். அங்கே 2,000 ரூபாய்க்குக் குறைந்த பில் அபூர்வம். ஆனால் சிறு வணிகருக்கென்று வகுக்கப்பட்டுள்ள சலுகைகள் பெரும்பாலும் அந்த 2,000 ரூபாய்க் கோட்டோடு நின்றுவிடுகின்றன. யுபிஐ-க்காக வங்கிகளுக்கு ஒன்றிய அரசு தரும் ஊக்கத்தொகையும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குத்தான். ரூபே கடன் அட்டையை யுபிஐ-யில் பயன்படுத்தும்போது சிறு கடைக்குக் கட்டணம் இல்லை என்ற விலக்கும் 2,000 ரூபாய் வரைதான். இதோடு, மாத வரவை வைத்துச் சிறு வணிகரை வகுக்கும் பழக்கமும் யுபிஐ முறைமையில் இருக்கிறது. பத்து மாதம் வெறும் கல்லாவோடு உட்கார்ந்திருந்து ஐப்பசியில் மட்டும் விற்பவர், அந்த ஒரு மாதக் கணக்கில் பெரிய வணிகராகத் தெரிவார். அவருடைய ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் தெருமுனை மளிகைக் கடைக்காரரைவிடச் சிறியவராகக்கூட இருப்பார்.

நாங்கள் கேட்பது புதிய அளவுகோலும் அல்ல. 2012-இல் டெபிட் கார்டு கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி முதலில் வரம்பு வைத்தபோது, 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம் என்று பில் தொகையைத்தான் பார்த்தது. பிறகு அதே ரிசர்வ் வங்கி அந்த முறையைக் கைவிட்டது. 2017 டிசம்பர் 6 சுற்றறிக்கையில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ளவரைச் சிறு வணிகர் என்று வகுத்து, அவருக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம் என்று நிர்ணயித்தது. ஒரு பரிவர்த்தனைக்கு முறையே 200 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் மேல் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னது. அது சரியான பாதை. 20 லட்சம் என்பது இன்றைய விலைவாசிக்குப் போதாது. ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் சேர அரசே 1.5 கோடி ரூபாய் வரை அனுமதிக்கிறது. அதையே சிறு வணிகரின் எல்லையாகக் கொள்ளுங்கள் என்கிறோம்.

காம்போசிஷன் வணிகரின் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 5,000 ரூபாய்க்குப் பட்டாசு விற்கிறார். சரக்கு வாங்கும்போது கட்டிய வரி போக, இந்த விற்பனையின் மீது அவர் கட்ட வேண்டியது 1 சதவீதம், அதாவது 50 ரூபாய். வாடிக்கையாளர் கடன் அட்டையை நீட்டுகிறார். கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அது 18 ரூபாய். காம்போசிஷனில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் அந்த 18 ரூபாயும் திரும்பாது. விற்பனைக்காக அரசுக்குச் சேருவது 50 ரூபாய், பணம் கை மாறியதற்காகப் போவது 118 ரூபாய். இதை எந்த வணிகரிடம் போய் நியாயம் என்று சொல்ல முடியும்?

அந்த 100 ரூபாய் எங்கே போகிறது என்பதும் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். பெரும்பங்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. மிச்சத்தில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கு ஒரு பங்கு, கடைக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு. அட்டை கொடுத்த வங்கி தன் பங்கிலிருந்துதான் ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் தருகிறது. கடைக்காரர் இந்தச் செலவை விலையில் ஏற்றாமல் இருக்க முடியாது. ஏற்றினால் எல்லோருக்கும்தான் ஏற்ற முடியும். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் தொழிலாளி வாரச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துப் பாத்திரம் வாங்கும்போது, வேறெங்கோ ஒருவர் விமானப் பயணத்துக்குச் சேர்க்கும் பாயின்ட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். எங்களை மிகவும் உறுத்துவது இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் போட்ட சட்டத்தின்படி, அட்டை கொடுத்த வங்கி எடுக்கும் பங்கு கடன் அட்டைக்கு 0.3 சதவீதத்தையும் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இந்தியாவில் கடன் அட்டைக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

ரூபே கடன் அட்டை யுபிஐ-யில் வந்த பிறகு சிக்கல் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் அட்டை என்றால் மெஷினை எடுக்க வேண்டும், அப்போதே கட்டணம் உண்டு என்று கடைக்காரருக்குத் தெரியும். இப்போது அதே க்யூஆர் அட்டையைத்தான் எல்லோரும் ஸ்கேன் செய்கிறார்கள். சவுண்ட் பாக்ஸ் ஒரே குரலில் தொகையைச் சொல்கிறது. வந்த பணம் சேமிப்புக் கணக்கிலிருந்தா, கடன் அட்டையிலிருந்தா, 2023 ஏப்ரலிலிருந்து 1.1 சதவீதம் வரை இடைக்கட்டணம் உள்ள வாலட்டிலிருந்தா என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. மறுநாள் செட்டில்மென்டில் தொகை குறைந்திருக்கும்போதுதான் தெரியும், அதுவும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு. கடன் அட்டைப் பணத்தைத் தன் க்யூஆரில் ஏற்பதா வேண்டாமா என்பதை வணிகர் தமிழில் படித்து எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முறை வேண்டும். வேண்டாம் என்றவருக்கு அதை அடைத்துக் கொடுக்க வேண்டும். கட்டணம் பிடிக்கப்படும் பணம் என்றால் சவுண்ட் பாக்ஸ் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, வங்கிகள் மனம் வைத்தால் போதும்.

வங்கிகள் பக்கம் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் மாறியது, தென்மாவட்ட வணிகர்கள் தங்கள் முதலைப் போட்டு உருவாக்கிய வங்கி. வங்கி நொடித்தால் வணிகமும் நொடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் எனப்படும் வணிகர் கட்டணம் பூஜ்ஜியமாக்கப்பட்டது. பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையோ பெருகிக்கொண்டே போய், 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. சர்வர், மோசடித் தடுப்பு, புகார் தீர்வு எல்லாவற்றுக்கும் வங்கிக்குச் செலவு உண்டு. 800 ரூபாய் யுபிஐ வணிகப் பரிவர்த்தனை ஒன்றுக்கு எல்லாத் தரப்புக்கும் சேர்த்து 2 ரூபாய் செலவாகிறது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் விவாத அறிக்கை கணக்கிட்டது. வாடிக்கையாளருக்கு முகமாக இருப்பவை பெரும்பாலும் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள். பின்னால் கணக்கை வைத்திருந்து ஒவ்வொரு பற்றையும் எழுதும் சிறிய வங்கிக்குச் செலவு மட்டுமே மிஞ்சுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வேண்டும்.

தீர்க்க வேண்டியது யார் என்பதில்தான் எங்கள் கருத்து வேறு. 2023-24-க்கு 3,631 கோடி ரூபாயாக இருந்த அரசின் ஊக்கத்தொகை, 2024-25-க்கு 1,500 கோடியாகச் சுருங்கியது. அதே 2024-25-இல் நோட்டு அச்சடிக்க மட்டும் ரிசர்வ் வங்கி 6,372 கோடி ரூபாய் செலவிட்டது. நோட்டு வாங்கும் கடைக்காரரிடம் அச்சுக்கூலி கேட்பதில்லை. பொதுப் பணத்தில் நோட்டு அச்சிடலாம் என்றால் பொதுப் பணத்தில் யுபிஐ-யையும் நடத்தலாம். பணம் கணக்கில் வருவதால் வரி வலை விரிகிறது, அதன் பலனும் அரசுக்குத்தான்.

2025 மார்ச்சில் இந்தியப் பணப்பரிவர்த்தனை மன்றம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வணிகர்களிடம் யுபிஐ-க்கு 0.3 சதவீதமும், எல்லா வணிகர்களிடமும் ரூபே டெபிட் கார்டுக்குக் கட்டணமும் கேட்டிருந்தது. ஜூன் மாதம் நிதி அமைச்சகம் யுபிஐ கட்டணம் வரப்போகிறது என்ற செய்தியை மறுத்தது. ஆனாலும் யாராவது ஒருவர் இந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அதே ஆண்டு சொன்னார். கேள்வி மறுபடி வரும். வரும்போது எங்கள் பதில் இது: பெரிய சங்கிலிக் கடைகளிடமும் பெரு நிறுவனங்களிடமும் சிறு கட்டணம் வாங்குவதை நாங்கள் எதிர்க்க மாட்டோம். அதுவும் சதவீதமாக ஏறிக்கொண்டே போகக் கூடாது. 800 ரூபாயை அனுப்புவதற்கும் 80,000 ரூபாயை அனுப்புவதற்கும் சர்வர் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவுதான் என்ற ரூபாய் உச்சவரம்பு இருக்க வேண்டும். ரூபே டெபிட் கார்டில் சிறு வணிகரிடம் மறுபடி கட்டணம் என்பதை முழுமையாக எதிர்க்கிறோம்.

பொதுக் காரியத்துக்குப் பணம் கொடுப்பது இந்த ஊருக்குப் பழக்கமில்லாத ஒன்றல்ல. விருதுநகர் சந்தையில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்த மரபு எங்களுடையது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய க்ஷத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். மகமை எவ்வளவு என்பதைக் கொடுப்பவர்களே கூடி முடிவு செய்தார்கள், கணக்கும் அவர்கள் முன்னால் வந்தது. இன்றைய கட்டணத்தை நிர்ணயிக்கும் மேசையில் சிறு வணிகருக்கு நாற்காலி இல்லை. யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, கட்டணத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது சிறு வணிகர் அமைப்புகளையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

மேலே குழப்பம் இருந்தால் கீழே என்ன நடக்கும் என்பதை 2017 ஜனவரியில் பார்த்தோம். பணமதிப்பிழப்புக்குப் பிறகு அட்டையில் பெட்ரோல் போடுங்கள் என்று அரசு சொன்னது. சில வங்கிகள் பெட்ரோல் பங்க்குகளிடம் 1 சதவீதம் வரை கட்டணம் பிடிக்கப்போவதாக அறிவித்தன. அட்டையே வாங்க மாட்டோம் என்று பங்க் உரிமையாளர்கள் எச்சரித்த பிறகுதான் அரசு தலையிட்டது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்து வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியதும், பல பெங்களூரு கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தன. அந்த வழியில் நாங்கள் போக மாட்டோம். வரி கட்ட வேண்டிய வணிகம் வரி கட்ட வேண்டும், க்யூஆரை மறைப்பது அதற்குப் பதில் ஆகாது.

எங்கள் உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. டெபிட் கார்டுக்குத் தனியாகப் பணம் கேட்பதை ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை, எந்த உறுப்பினரும் கேட்கக் கூடாது. ரொக்கமாகக் கொடுப்பவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. இணையத்தில் பட்டாசு விற்பதற்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையைத் தளர்த்தும்படி இந்த அறிக்கையில் நாங்கள் கேட்கவில்லை. சிவகாசி பெயரில் போலி இணையதளம் போட்டு மக்களிடம் முன்பணம் பறிப்பவர்களைப் பற்றித் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024 தீபாவளி சமயத்தில் எச்சரித்தது. அந்த மோசடியில் பணத்தோடு எங்கள் ஊரின் பெயரும் போகிறது. ஆனால் உரிமம் பெற்ற கடைக்கு நேரில் வருபவரிடம் பணம் வாங்கும் வசதியை, வெடிபொருள் என்ற காரணத்தைச் சொல்லி எந்த வங்கியும் மறுக்கக் கூடாது.

ஒன்றிய நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வணிகருக்கு யுபிஐ, ரூபே டெபிட் கார்டுக் கட்டணம் இல்லை என்பதை, பில் தொகை வரம்பு எதுவும் வைக்காமல் சட்டத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். விருதுநகர் மாவட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். வணிகர்கள் ஒவ்வொருவரும் இந்த மாதச் செட்டில்மென்ட் கணக்கை வங்கியில் எழுதிக் கேட்டு வாங்கி, எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.