தூரிகை யாருக்கு வசப்படுகிறது?

ஓவியம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, மற்றவர்க்கு வராது என்பது பரவலான நம்பிக்கை. கண்ணும் கையும் எல்லோருக்கும் ஒரே அளவில் ஒத்துழைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், அந்த வேறுபாடு மட்டுமே ஓவியரை உருவாக்கிவிடுவதில்லை. கலைத்திறன் ஒரு சிலரிடம் குவிவதும், பெருந்திரளான மக்களிடம் அது நசுக்கப்படுவதும் உழைப்புப் பிரிவினையின் விளைவே என மார்க்சும் ஏங்கெல்சும் 'ஜெர்மன் சித்தாந்தம்' நூலில் சுட்டினர்.

தோழர் சோம்நாத் ஹோரின் வாழ்க்கை இதை விளக்கும். 1943 வங்கப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடியவர்களை நேரில் கண்டு வரையுமாறு அவரை ஊக்குவித்தவர் சித்தப்பிரசாத். பின்னர் ஹோர் கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் பயின்றார். 1946இல் தெபாகா போராட்டக் களத்திற்குச் சென்று குத்தகை விவசாயிகளை வரைந்தார். இயல்பான திறன் அவரிடம் இருந்தது. அதனுடன் வழிகாட்டியும் பயிற்சியும், வரைந்தே தீரவேண்டிய காரணமும் சேர்ந்தன. அதே பஞ்சத்தில் மடிந்த லட்சக்கணக்கானோரில் எத்தனை ஓவியர்கள் இருந்தனர் என்பதை எவரும் அறியப்போவதில்லை.

இன்று ஓவியப் பயிற்சி பெரும்பாலும் கட்டணம் செலுத்த முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கே எட்டுகிறது. எனவே, அரசுப் பள்ளிகள்தோறும் நிரந்தர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கையன்று. உழைக்கும் மக்களின் குழந்தைகளுக்குரிய ஜனநாயக உரிமை.